ஒன்பது மணி நேரம் படுக்கை, அஞ்சரை மணி நேரம் தூக்கம்

[எபிசோடின் எழுத்து வடிவம். நீளத்துக்காகவும் தெளிவுக்காகவும் திருத்தப்பட்டுள்ளது. பேச்சு நடை முடிந்தவரை அப்படியே விடப்பட்டிருக்கிறது.]

இந்த வாரம் வழக்கமான இடத்துல இருந்து பேசல. பாலக்கோட்டுல, எங்க வீட்டு மாடி ரூம்ல இருந்து பேசுறேன். பின்னாடி சத்தம் கேட்டா பொறுத்துக்கோங்க, அது தக்காளி வண்டி. தர்மபுரி மாவட்டத்துல தக்காளி மார்க்கெட்னா முதல்ல சொல்ற பேர் எங்க ஊர்தான். விடியறதுக்கு முன்னாடியே வண்டிங்க வர ஆரம்பிச்சிடும். அந்தச் சத்தத்தை எட்டு மாசம், கிட்டத்தட்ட தினமும், முழிச்சிருந்து கேட்டிருக்கேன்.

இன்னைக்கு தூக்கம் வராத பிரச்சினையைப் பத்திப் பேசப்போறோம். "போனைத் தள்ளி வை, சூடா பால் குடி, எட்டு மணி நேரம் தூங்கு" மாதிரி லிஸ்ட் எபிசோட் கிடையாது இது. அந்த லிஸ்ட்ல இருந்த எல்லாத்தையும் நானும் பண்ணிப் பார்த்தேன். பால் குடிச்சேன், பால் குடிச்சிட்டு முழிச்சிட்டு இருந்தேன். எனக்குப் புரிய எட்டு மாசம் ஆன ஒரு விஷயம் இருக்கு. தூக்கத்தைப் பிடிக்கிறதுக்காக நான் பண்ண காரியங்கள்தான் அதை வரவிடாம வச்சிருந்தது. அது எப்படின்னு படிப்படியா பார்க்கலாம்.

மூணு மணி பத்து நிமிஷம்

போன வருஷம் மார்ச் மாசம், லீவுக்கு ஊருக்கு வந்திருந்தேன். ஒரு ராத்திரி அம்மா என் ரூம் கதவைத் தட்டினாங்க. "அப்பாவுக்கு நெஞ்சு வலிக்குதாம், சீக்கிரம் எந்திரி கண்ணு"ன்னாங்க. போன்ல டைம் பார்த்தேன், மூணு பத்து. தர்மபுரி வரைக்கும் கார்ல அப்பா தலையை மடியில வச்சுக்கிட்டுப் போனேன். ஸ்டென்ட் வச்சாங்க. பிழைச்சுட்டார்.

எங்க அப்பா தக்காளி மண்டியில கணக்கு எழுதினவர். முப்பது வருஷமா காலைல மூணரை மணிக்கு எழுந்து போனவர். இனிமே கொஞ்ச நாள் வீட்லயே இருக்கணும்னு சொல்லிட்டாங்க. நான் பெங்களூர் வேலையை வொர்க் ஃப்ரம் ஹோம் ஆக்கிக்கிட்டு ஊர்லயே தங்கிட்டேன்.

முதல் ரெண்டு வாரம் எனக்குத் தூக்கம் இல்லை. அது இயல்புதான். அப்பா பக்கத்து ரூம்ல படுத்திருப்பார், மூச்சுச் சத்தம் வருதான்னு காதைத் தீட்டிக்கிட்டு நான் படுத்திருப்பேன். ஆனா மூணாவது மாசத்துல அப்பா தினமும் காலைல வாக்கிங் போறார். செக்கப்ல எல்லாம் நல்லா இருக்குன்னு சொல்லிட்டாங்க. ராத்திரி படுத்தா பத்து நிமிஷத்துல தூங்கிடுறார். நான் மட்டும் மூணு மணிக்கு டாண்ணு முழிச்சிடுறேன்.

இதுதான் எனக்குப் புரியாத கேள்வி. காரணம் போயிடுச்சு. தூக்கமின்மை ஏன் போகல?

எது தூக்கமின்மை, எது தூங்க நேரமில்லாமை

ரெண்டையும் நாம ஒரே பேர்ல சொல்றோம். மருத்துவத்துல ரெண்டும் வேற. தூங்குறதுக்கு நேரமும் இடமும் இருக்கு, ஆனா தூக்கம் வரல, இல்லன்னா நடுவுல முழிப்பு வந்து திரும்பப் போக முடியல, அதனால பகல் பொழுதும் கெடுது. இது வாரத்துல மூணு ராத்திரியாவது, மூணு மாசமாவது தொடர்ந்தா அது நாள்பட்ட தூக்கமின்மை.

தூங்கவே நேரம் கிடைக்கலன்னா அது வேற கதை. எங்க ஊர்ல இருந்து ஓசூருக்கு ஷிப்ட் வேலைக்குப் போறவங்க இருக்காங்க. ஒரு வாரம் பகல், ஒரு வாரம் ராத்திரி, அதோட பயண நேரம் வேற. அவங்ககிட்ட போய் "மனசை அமைதியா வச்சுக்கோங்க"ன்னு சொல்றதுல அர்த்தமே இல்லை. அவங்களுக்கு வேணும்கிறது மாறாத ஷிப்டும் கூடுதலா ரெண்டு மணி நேரமும்.

மூணாவதா ஒண்ணு இருக்கு. அதுக்கு நல்ல உதாரணம் நம்ம சென்னை. குறைஞ்ச வருமானக்காரங்க 452 பேரை டேட்டா என்ட்ரி வேலைக்கு எடுத்து, கையில வாட்ச் மாதிரி ஒரு கருவி கட்டிவிட்டு, அவங்க தூக்கத்தை அளந்தாங்க. பொருளாதார ஆராய்ச்சியாளர்கள் பண்ண வேலை, 2021ல வெளியாச்சு. ராத்திரி படுக்கையில இருந்தது சராசரியா எட்டு மணி நேரம். உண்மையில தூங்கினது அஞ்சரை மணி நேரம். வெக்கை, கொசு, சத்தம், நெருக்கடி. தூக்கம் துண்டு துண்டா இருந்தது.

அதுல பாதிப் பேரை விடக் கூடுதலாவே பலருக்கு நல்ல படுக்கை வசதி, கண்மூடி, காதடைப்பான், அறிவுரை எல்லாம் கொடுத்தாங்க. தூக்கம் ராத்திரிக்கு 27 நிமிஷம் கூடுச்சு. ஆனா எப்படிக் கூடுச்சு? இன்னும் அதிக நேரம் படுக்கையில கிடந்ததால. தூக்கத்தோட தரம் மாறல. வேலைத் திறன்லயும் மனநிலையிலயும் கண்ணுக்குத் தெரியற முன்னேற்றம் எதுவும் வரல. ஆனா ஆபீஸ்ல மதியம் ஒரு குட்டித் தூக்கம் போட வச்சவங்களுக்கு வேலைத் திறனும் மனநிலையும் கொஞ்சம் நல்லாச்சு.

இதைப் படிச்சப்போ எனக்கு ஒண்ணுதான் உறைச்சது. படுத்திருக்கிற நேரமும் தூங்குற நேரமும் ஒண்ணில்லை. நான் அதுவரைக்கும் ரெண்டையும் ஒண்ணுன்னு நினைச்சுதான் கணக்குப் போட்டுட்டு இருந்தேன்.

பசியும் கடிகாரமும்

தூக்கம் எப்படி வருதுன்னு ரெண்டு நிமிஷம் பார்ப்போம், இது தெரியாம அடுத்தது புரியாது. அலெக்சாண்டர் போர்பெலின்னு ஒரு சுவிஸ் ஆராய்ச்சியாளர் 1982ல சொன்ன மாதிரி இது. இன்னைக்கு வரைக்கும் பாடமா சொல்லித் தர்றாங்க. ரெண்டு விஷயம் சேர்ந்துதான் தூக்கத்தைக் கொண்டு வருது.

முதல் விஷயத்தைத் தூக்கப் பசின்னு வச்சுக்கலாம். நாம முழிச்சிருக்கிற ஒவ்வொரு மணி நேரமும் மூளையில அடினோசின்னு ஒரு பொருள் சேர்ந்துக்கிட்டே போகும். அது ஏற ஏற கண்ணு சொக்கும். தூங்கும்போது கரையும். மதியம் ரெண்டு மணி நேரம் தூங்குறது, சாயங்காலம் வயிறு முட்ட பஜ்ஜி சாப்பிட்டுட்டு ராத்திரி சாப்பாட்டுக்கு உக்கார்ற மாதிரி. பசிக்காது. அப்புறம் காபி. காபில இருக்கிற காஃபீன் அடினோசின் போய் உட்கார வேண்டிய இடத்துல தான் போய் உட்கார்ந்துக்கும். பசி இருக்கும், ஆனா தெரியாது. காஃபீன் பாதியா குறையறதுக்கே சுமார் அஞ்சு மணி நேரம் ஆகும், ஆளுக்கு ஆள் மாறும். அஞ்சு மணிக்குக் குடிச்ச ஃபில்டர் காபில பாதி, ராத்திரி பத்து மணிக்கும் உடம்புல இருக்கு. டீக்கும் இதே கதைதான்.

ரெண்டாவது, உள்ளுக்குள்ள ஓடுற கடிகாரம். எப்போ முழிப்பு, எப்போ தூக்கம்னு உடம்பு சூடு முதற்கொண்டு எல்லாத்தையும் அது ஏத்தி இறக்கும். அந்தக் கடிகாரத்துக்குச் சாவி கொடுக்கிறது காலை வெளிச்சமும், தினமும் ஒரே நேரத்துக்கு எழுந்திரிக்கிறதும். தூங்கப் போற நேரத்தை விட எழுந்திரிக்கிற நேரம்தான் முக்கியம். ஏன்னா தூங்குறது நம்ம கையில இல்லை. எழுந்திரிக்கிறது நம்ம கையில இருக்கு.

எங்க அப்பா எந்தப் புத்தகமும் படிக்கல. ஆனா முப்பது வருஷம், கல்யாண வீட்டுக்குப் போய் லேட்டா படுத்தாலும் மூணரைக்கு எழுந்தார். அடுத்த ராத்திரி ஒன்பது மணிக்குச் சாப்பாட்டுத் தட்டு முன்னாடியே கண்ணு சொக்கும். ஒரு ராத்திரி போனா அதை அடுத்த ராத்திரி சரி பண்ணிக்கிச்சு, அவர் எதுவும் பண்ணல.

காரணம் போனாலும் ஏன் போகல

இப்போ நம்ம கேள்விக்கு வருவோம். ஆர்தர் ஸ்பீல்மன்னு ஒரு அமெரிக்க உளவியலாளர் 1980கள்ல இதுக்கு ஒரு விளக்கம் சொன்னார். தூக்கமின்மைக்கு மூணு வகைக் காரணம். ஒண்ணு, முன்காரணம். சிலருக்கு இயல்பாவே மனசு எச்சரிக்கையா இருக்கும், குடும்பத்துலயே லேசான தூக்கம் இருக்கும். ரெண்டாவது, தூண்டுகாரணம். ஒரு சாவு, ஒரு நோய், வேலை போறது, குழந்தை பிறக்கிறது. எனக்கு அது மூணு பத்து. மூணாவது, தொடர்காரணம். தூக்கம் போனதும் அதை ஈடுகட்ட நாம பண்ற வேலைகள். முதல் ரெண்டும் ஓய்ஞ்ச பிறகும் மூணாவது தனியா நின்னு தூக்கமின்மையை நடத்திக்கிட்டே போகும்.

என் தொடர்காரணங்களைச் சொல்றேன், உங்களுக்கு எது எது பொருந்துதுன்னு பாருங்க.

ராத்திரி சரியா தூங்கலன்னு மறுநாள் ஒன்பதரைக்கே படுத்துடுவேன். காலைல ஆறரை வரைக்கும் எழுந்திரிக்க மாட்டேன், கொஞ்சமாவது கிடைக்கட்டும்னு. ஞாயிற்றுக்கிழமைன்னா ஒன்பது மணி வரைக்கும். மதியம் சாப்பிட்டதும் ஒரு மணி நேரம். சாயங்காலம் தலை வலிக்குதுன்னு ரெண்டாவது காபி. ராத்திரி முழிப்பு வந்ததும் போன்ல டைம் பார்த்து, "இப்போ தூங்கினா கூட மூணு மணி நேரம்தான்"னு ஒரு கணக்கு. லேப்டாப் வேலையும் கட்டில்லயேதான்.

ஒவ்வொண்ணும் தனியா பார்த்தா நியாயமாத்தான் இருக்கு. மொத்தமா பார்த்தா, தூக்கப் பசியையும் கெடுத்து, கடிகாரத்தையும் குழப்பி, கட்டில்னாலே முழிச்சிருக்கிற இடம்னு மூளைக்குப் பாடம் எடுத்துட்டு இருந்தேன். சோபால உக்கார்ந்து டிவி பார்க்கும்போது கண்ணு சொக்கும். எழுந்து கட்டிலுக்குப் போனதும் பளிச்சுன்னு முழிப்பு வந்துடும். இது உங்களுக்கும் நடக்குதுன்னா, உங்க மூளையும் அந்தப் பாடத்தைப் படிச்சிடுச்சுன்னு அர்த்தம்.

கட்டிலை விட்டு இறங்குறது

அஞ்சாவது மாசம் பெங்களூர்ல ஒரு மனநல மருத்துவரைப் பார்த்தேன். மாத்திரை எழுதுவார்னு போனேன். அவர் ஒரு நோட்டு வாங்கச் சொன்னார். ரெண்டு வாரம், தினமும் காலைல, எத்தனை மணிக்குப் படுத்தேன், தோராயமா எப்போ தூங்கியிருப்பேன், எத்தனை தடவை முழிச்சேன், எப்போ எழுந்தேன், இவ்வளவுதான். ராத்திரில எழுதக் கூடாது, காலைல ஞாபகத்துல இருந்து எழுதணும்.

அவர் சொன்ன சிகிச்சைக்குப் பேர் சி.பி.டி.-ஐ. தூக்கமின்மைக்கான அறிதல் நடத்தைச் சிகிச்சைன்னு தமிழ்ல சொல்லலாம். நாள்பட்ட தூக்கமின்மைக்கு மாத்திரைக்கு முன்னாடி இதைத்தான் முதல்ல கொடுக்கணும்னு அமெரிக்க மருத்துவர்கள் கல்லூரி 2016லயே வழிகாட்டி வெளியிட்டிருக்கு. இதுல ரெண்டு பகுதி முக்கியம்.

முதல் பகுதி, ரிச்சர்ட் பூட்சின்ங்கிறவர் 1972ல கொண்டு வந்தது. கட்டில்னா தூக்கம்னு மூளைக்குத் திரும்பச் சொல்லித் தர்றது. விதிகள் எளிமையானவை. தூக்கம் கண்ணைச் சுத்தினாதான் படுக்கணும். சோர்வு வேற, தூக்கம் வேற. உடம்பு அசந்திருந்தும் கண்ணு சொக்கலன்னா அது சோர்வு மட்டும்தான். படுத்து இருபது நிமிஷம் போல ஆகியும் தூக்கம் வரலன்னா எழுந்துடணும். கடிகாரத்தைப் பார்க்காம, எரிச்சல் ஆரம்பிச்சதும் எழுந்துடலாம். மங்கலான வெளிச்சத்துல சாதுவான ஏதாவது பண்ணணும். திரும்பச் சொக்கினா போய்ப் படுக்கணும். எத்தனை தடவை ஆனாலும் இதேதான். எப்படித் தூங்கினாலும் காலைல ஒரே நேரம் எழுந்திரிக்கணும்.

நான் எழுந்து வந்து மாடிப்படியில உட்காருவேன். அம்மா பிரிச்சுப் போட்ட பழைய புடவையில இருந்து துண்டு மடிப்பேன். முதல் ராத்திரி நாலு தடவை இறங்கினேன். அம்மா எட்டிப் பார்த்து, "என்ன கண்ணு, பேய் மாதிரி உட்கார்ந்திருக்க?"ன்னாங்க. டாக்டர் சொன்னார்மான்னேன். "நல்ல டாக்டர்"னு சொல்லிட்டுப் போய் படுத்துட்டாங்க.

நேரத்தைச் சுருக்குறது

ரெண்டாவது பகுதிதான் கஷ்டம். இதை ஸ்பீல்மனும் கூட்டாளிகளும் 1987ல எழுதினாங்க. படுக்கை நேரத்தைக் குறைக்கிறது.

என் நோட்டுக் கணக்குப்படி நான் படுக்கையில இருந்தது ஒன்பது மணி நேரம், தூங்கினது சராசரியா அஞ்சரை. அதாவது படுத்த நேரத்துல 61 சதவீதம். டாக்டர் சொன்னார்: "உங்களுக்குக் கிடைக்கிறது அஞ்சரை மணி நேரத் தூக்கம். அதை ஒன்பது மணி நேரத்துல தேய்ச்சு விட்டிருக்கீங்க, அதான் அங்கங்க ஓட்டை. ஆறு மணி நேரம் மட்டும் படுங்க." ராத்திரி பதினொன்றரைக்கு முன்னாடி படுக்கக் கூடாது. காலைல அஞ்சரைக்கு எழுந்துடணும். மதியத் தூக்கம் கிடையாது. வாரக் கடைசியில, படுத்த நேரத்துல 85 சதவீதம் தூங்கியிருந்தா பதினஞ்சு நிமிஷம் கூட்டிக்கலாம். இல்லன்னா அப்படியே தொடரணும்.

தூக்கம் வராதவனைத் தூங்காதேன்னு சொல்றாரேன்னு கோபம்தான் வந்தது. ஆனா வழி புரியுது இல்ல? கொஞ்ச நாள் தூக்கப் பசியை ஏத்தி விடுறோம். பசி ஏறினா தூக்கம் ஒட்டும். ஒட்டின பிறகு மெல்ல நீட்டுறோம்.

ராத்திரி பதினொன்றரை வரைக்கும் முழிச்சிருக்கிறது பெரிய பாடு. எட்டு மாசமா தூக்கத்தைத் துரத்திக்கிட்டு இருந்த நான், பத்து மணிக்குத் தூக்கத்தை விரட்டிக்கிட்டு வாசல்ல நடந்தேன்.

இங்க ஒரு எச்சரிக்கை. இந்த முறையில முதல் ரெண்டு மூணு வாரம் பகல்ல தூக்கக் கலக்கம் அதிகமாகும். வண்டி ஓட்டாதீங்கன்னு டாக்டர் சொல்லியிருந்தார். நான் கேட்கல. ரெண்டாவது வாரம் ஒரு மதியம், அப்பாவுக்கு மாத்திரை வாங்க ஸ்கூட்டர்ல தர்மபுரி போய்ட்டு இருந்தேன். ஒரு நொடி கண்ணு மூடுச்சு. முழிச்சுப் பார்த்தா வண்டி தார் ரோட்டை விட்டு மண்ணுல ஓடுது, கொஞ்ச தூரத்துல ஒரு புளியமரம். எதுவும் ஆகல. வண்டியை நிறுத்திட்டுக் கால் நடுக்கம் நிக்கிற வரைக்கும் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். எதிர்ல லாரி வந்திருந்தா, மாத்திரை வாங்கப் போன பிள்ளைக்காக அந்த நெஞ்சு என்ன ஆகியிருக்கும்னு நினைச்சேன். அதுக்கப்புறம் ஒரு மாசம் பஸ்தான்.

அதனால தெளிவா சொல்றேன். டிரைவர், மெஷின் ஓட்டுறவங்க, உயரத்துல நின்னு வேலை பார்க்கிறவங்க, வலிப்பு நோய் இருக்கிறவங்க, பைபோலார் பிரச்சினை இருக்கிறவங்க, கர்ப்பமா இருக்கிறவங்க இந்த நேரம் சுருக்குற வேலையை நீங்களா ஆரம்பிக்காதீங்க. மருத்துவர் பார்வையில மட்டும்தான். யாரா இருந்தாலும் படுக்கை நேரத்தை அஞ்சு மணி நேரத்துக்குக் கீழ கொண்டு போகக் கூடாது. ஆனா காலைல ஒரே நேரத்துக்கு எழுந்திரிக்கிறது, தூக்கம் வராம கட்டில்ல கிடக்காம இருக்கிறது, இந்த ரெண்டையும் பெரும்பாலானவங்க இன்னைக்கே ஆரம்பிக்கலாம்.

மூளை பேச ஆரம்பிச்சா

மூணு மணிக்கு முழிச்சா என் மூளை ஒரே படத்தைத்தான் ஓட்டும். அந்தக் கார், அப்பாவோட வேர்வை. அதை அடக்கப் பார்த்தா இன்னும் சத்தமா ஓடும்.

எனக்கு உதவினது கவலைக்குன்னு ஒரு நேரம் ஒதுக்கினது. சாயங்காலம் ஆறு மணிக்கு இருபது நிமிஷம். நோட்டுல ரெண்டு பத்தி. இடது பக்கம் கவலை, வலது பக்கம் நாளைக்கு அதுக்கு என்ன பண்ணலாம். "அப்பாவுக்குத் திரும்ப வலி வந்தா?"ன்னு எழுதுவேன். பக்கத்துல, "108 நம்பர், டாக்டர் சொன்ன மாத்திரை எங்க இருக்கு, கார் வச்சிருக்கிற பக்கத்து வீட்டுக்காரர் நம்பர், மூணையும் ஃபிரிட்ஜ் மேல ஒட்டணும்." மறுநாள் ஒட்டினேன். ராத்திரி அந்த நினைப்பு வந்தா, அது ஆறு மணி விஷயம், எழுதியாச்சுன்னு சொல்லிக்குவேன். எல்லா நாளும் கேட்காது. ஆனா எழுதாம இருந்த நாளை விட எழுதின நாள் பரவாயில்லை.

கடிகாரத்தைத் திருப்பி வைங்க. போனை வேற ரூம்ல வச்சு சார்ஜ் போடுங்க. அலாரத்துக்கு ஒரு சாதாரண டைம்பீஸ் போதும், முகம் சுவத்தைப் பார்த்த மாதிரி. ராத்திரி மணி தெரிஞ்சு நமக்கு ஆகப்போறது ஒண்ணுமில்லை, கணக்குப் போடத்தான் தோணும்.

இன்னொண்ணு தெரிஞ்சுக்கோங்க. நடுவுல முழிப்பு வர்றது நோய் இல்லை. தூக்கம் சுமார் ஒன்றரை மணி நேரச் சுற்றுகளாத்தான் ஓடுது. சுற்றுக்கும் சுற்றுக்கும் நடுவுல எல்லாருக்குமே லேசா முழிப்பு வரும், பலருக்கு அது ஞாபகம் இருக்காது. முழிப்பு வந்ததும் "ஐயோ, ஆரம்பிச்சிடுச்சு"ன்னு பதறும்போதுதான் அது நீளும்.

ஒரே ரூம் வீட்ல என்ன பண்றது

இந்த அறிவுரைகள் எல்லாம் தனி ரூம், தனிக் கட்டில் இருக்கிறவங்களுக்காக எழுதின மாதிரி இருக்கும். பி.ஜி.ல மூணு பேர் ஷேரிங், வீட்ல ஹால்ல வரிசையா படுக்கிறது, இதுதான் நம்மள்ல பல பேரோட நிலைமை.

பாய் போட்டுப் படுக்கிறவங்களுக்கு ஒரு வசதி இருக்கு. காலைல பாயைச் சுருட்டி வைக்கிறோம், ராத்திரி விரிக்கிறோம். விரிச்சா தூக்கம், சுருட்டினா பகல். பூட்சின் சொன்னதும் கிட்டத்தட்ட இதுதான். பகல்ல அதே பாய்ல படுத்து ரீல்ஸ் பார்க்காம இருந்தா போதும். பி.ஜி.ல கட்டில் தவிர வேற இடமே இல்லன்னா, பகல்ல தலையணையை எதிர்ப்பக்கம் போட்டு, சுவத்துல சாஞ்சு வேலை பாருங்க. தூங்குறதுக்கு மட்டும் தலையணை பழைய இடத்துக்கு வரட்டும். ராத்திரி எழுந்து போக இடமில்லன்னா, படுத்த இடத்துலயே எழுந்து உட்காருங்க. படுத்துக்கிட்டே போராடாம இருக்கிறதுதான் முக்கியம்.

வெக்கைக்குப் படுக்கப் போறதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடி குளிச்சுப் பாருங்க, வெதுவெதுப்பான தண்ணியா இருந்தாலும் பரவாயில்லை. குளிச்ச பிறகு உடம்புச் சூடு இறங்கும், அது தூக்கத்துக்கு உதவும். கொசுவலை கட்டுறதுக்கு வெக்கப்படாதீங்க. ஆடி மாசம் கோயில் ஸ்பீக்கருக்கு காதுல பஞ்சு, இல்லன்னா மருந்துக்கடையில கிடைக்கிற காதடைப்பான். ஃபேன் சத்தம் கூட வெளிச் சத்தத்தை மறைக்கும்.

மாத்திரையும் டாக்டரும்

நாலாவது மாசம் தெரிஞ்சவர் ஒருத்தர் ஒரு ஸ்டிரிப் தூக்க மாத்திரை கொடுத்தார். ஒன்பது நாள் போட்டேன். நிறுத்தின அன்னைக்கு ராத்திரி முன்னாடி இருந்ததை விட மோசம். அல்பிரசோலாம், டயசிபாம், சோல்பிடம் மாதிரி மாத்திரைகளை நம்ம நாட்டுல எச் 1 பட்டியல்ல வச்சிருக்காங்க. சீட்டு இல்லாம விற்கக் கூடாது, கடைக்காரர் தனிப் பதிவேட்டுல எழுதணும். பழக்கமாகிடும்ங்கிறதுதான் காரணம். டாக்டர் கொடுத்தா அது வேற, சில நேரம் கொஞ்ச நாளைக்குத் தேவைப்படும். ஆனா ரொம்ப நாளா போட்டுட்டு இருக்கிறவங்க இதைக் கேட்டுட்டு திடீர்னு நிறுத்திடாதீங்க, அது ஆபத்து. டாக்டர்கிட்ட சொல்லி மெல்லத்தான் குறைக்கணும். சாராயமும் அப்படித்தான். சீக்கிரம் தூங்க வச்சு, பின்ராத்திரித் தூக்கத்தைக் கெடுத்துடும்.

பலமா குறட்டை விட்டு, நடுவுல மூச்சு நின்னு திணறி எழுந்திரிச்சா அது தூக்க மூச்சுத்திணறலா இருக்கலாம். அதுக்கு வைத்தியம் வேற. எங்க அப்பாவையும் அதுக்காகக் காட்டினோம், இதய நோயாளிங்க கண்டிப்பா கேட்டுப் பார்க்கணும். படுத்தா கால்ல குறுகுறுப்பு, ஆட்டிக்கிட்டே இருக்கணும்னு தோணுது, தைராய்டு, விடாத வலி இருந்தாலும் சொல்லுங்க. தூக்கமின்மையோட சேர்ந்து வாழவே பிடிக்கலன்னு தோணினா, இந்த நோட்டு வேலையெல்லாம் அப்புறம். 14416க்குப் போன் பண்ணுங்க. டெலி மானஸ், இலவசம், தமிழ்ல பேசலாம், எந்த நேரமும் எடுப்பாங்க.

இப்போ எப்படி

முதல் வாரம் 75 சதவீதம். மூணாவது வாரம் 88. அதுக்கப்புறம் வாரம் பதினஞ்சு நிமிஷமா நீட்டி, இப்போ பத்தரைக்குப் படுத்து அஞ்சரைக்கு எழுந்திரிக்கிறேன். ஏழு மணி நேரம் படுக்கை, ஆறேகால் போலத் தூக்கம். எட்டு இல்லை. எட்டுதான் வேணும்னு இனிமே அடம்பிடிக்கல, பகல்ல கண்ணு சொக்காம வேலை ஓடுது.

மாசத்துல ரெண்டு மூணு ராத்திரி இன்னும் மூணு மணிக்கு முழிப்பு வருது. முந்தாநாள் வந்தது. எழுந்து படிக்கு வந்தா, அப்பா ஏற்கனவே அங்க உட்கார்ந்திருக்கார். மூணரை மணிப் பழக்கம் அவரை விடல. ரெண்டு பேரும் கொஞ்ச நேரம் வண்டிச் சத்தம் கேட்டுட்டு இருந்தோம். "இன்னைக்கு வரத்து கம்மி போல, விலை ஏறும்"னார். அப்புறம் என்னைப் பார்த்து, "நீ போய் படு கண்ணு, நான் நல்லாத்தான் இருக்கேன்"னார். போய்ப் படுத்தேன். எப்போ தூங்கினேன்னு தெரியல.

இந்த வாரம் உங்களுக்கு ஒரே ஒரு வேலை. நாளையில இருந்து ஏழு நாள், ஞாயிறு உட்பட, ஒரே நேரத்துக்கு எழுந்து, பத்து நிமிஷம் வெளிச்சத்துல நில்லுங்க. தூங்கப் போற நேரத்தைப் பத்திக் கவலைப்படாதீங்க. காலைல நோட்டுல ரெண்டு வரி எழுதி வைங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.